படிவம் நான்கு, மூன்றாம் கட்டம்: எலி

விதி ஒன்பது, உட்பிரிவு இ: "வெளியிலிருந்து வரும் எந்த உயிர்ப்பொருள் மாதிரியும், அது எடுக்கப்பட்ட உயிரினத்தின் முழு அறிவியல் பெயர் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பெற்றுக்கொள்ளப்படும். வழக்குப் பெயர் ஏற்கப்படாது."

நம் ஆய்வு நிறுவனத்தின் நடைமுறைக் கையேட்டில் இது இருக்கிறது. எழுதியவன் நான். தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இதை ஒப்பித்திருப்பீர்கள். புதியவர்களை முதல் வாரத்திலேயே ஒப்பிக்க வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியதும் நான்தான். இதே விதியை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மீறிவந்த படிவம் நான்கைத் தயாரித்ததும் நான்தான். இந்தக் கடைசிச் செய்தி கையேட்டில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

படிவங்கள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எனக்குத் தமிழ் வரும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. உற்சாகமாக உட்கார்ந்தேன். மாதிரி பெறும் படிவத்தின் மூன்றாம் கட்டத்தில் மவுஸ், ராட், ராபிட், ஹியூமன் என்று நான்கு சிறு பெட்டிகளும், அடியில் அறிவியல் பெயருக்கு ஒரு கோடும் இருந்தன. தமிழாக்கினால் எலி, எலி, முயல், மனிதர் என்று வந்தது. இரண்டு எலி இருந்தால் அச்சுப்பிழை போலத் தெரியும் என்று ஒன்றை அடித்தேன். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பதற்காக அறிவியல் பெயருக்கான கோட்டையும் எடுத்தேன். சுண்டெலி என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. அது குழந்தைகள் பாட்டில் வருகிற சொல்லாகத் தோன்றியது. அலுவல் தாளுக்கு அடக்கமாக இல்லை.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த அதிகாரி ஒருவர் உண்டு. "படிவம் அச்சுக்குப் போறதுக்கு முந்தி நீயே பத்துத் தடவை நிரப்பிப் பாக்கோணும் கண்ணு. எந்த எடத்துல கை நிக்குதோ அங்க தப்பு இருக்குது" என்பார். நான் ஒரே ஒரு தடவை நிரப்பிப் பார்த்தேன். முயலுக்கு.

இனி அறிவியல் கொஞ்சம். நான் விஞ்ஞானி இல்லை. முப்பது ஆண்டுகள் விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கியவன். அந்த அளவுக்குச் சொல்கிறேன். நம் உடம்பில் கொல்லும் வேலைக்கென்றே சில நோய் எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன. வைரஸ் என்ற நச்சுயிரி புகுந்த உயிரணுவைக் கண்டால் இவை ஒட்டிக்கொண்டு, கிரான்சைம் பி என்ற நொதியை அதற்குள் செலுத்தும். அந்த நொதி ஒரு கத்தரிக்கோல். உள்ளே போய்ச் சில புரதங்களை வெட்டும். வெட்டுப்பட்ட உயிரணு தானே தன்னைக் கலைத்துக்கொண்டு சாகும். மனிதரில் அது பிட் என்ற புரதத்தை நன்றாக வெட்டும். அந்த வழியாகச் சாவு வரும். சுண்டெலியின் கத்தரிக்கோலோ பிட்டை ஏறக்குறைய தொடுவதே இல்லை. வேறொரு புரதத்தை நேராக வெட்டி அதே வேலையை முடித்துவிடும். நம் ஊரில் சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரத்துக்கு ஒருவர் கணபதி வழியாகவும், இன்னொருவர் விளாங்குறிச்சி, பீளமேடு சுற்றியும் போவதைப் போல. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஆனால் எந்த உயிர் எந்தச் சாலையில் போகிறது என்று தெரியாமல் மருந்து செய்ய முடியாது. சுண்டெலியில் வேலை செய்த மருந்து மனிதரில் ஏன் படுத்துக்கொள்கிறது என்ற கேள்வியின் ஒரு நுனி இங்கே இருக்கிறது.

இந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் ஆய்வு செய்தவர் பூங்கொடி. முனைவர் பட்ட மாணவி. அன்னூரிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். அவருக்கு வேண்டிய நொதி வெளியூர் ஆய்வகம் ஒன்றிலிருந்து ஓராண்டு இடைவெளியில் இரண்டு தொகுதியாக வந்தது. இரண்டுக்கும் படிவம் நான்கு நிரப்பப்பட்டது. இரண்டிலும் மூன்றாம் கட்டத்தில் 'எலி' என்ற பெட்டியில் டிக் அடித்திருந்தது.

முதல் தொகுதியை வைத்துச் சோதித்தபோது பிட் வெட்டுப்பட்டது. மனிதர் போகும் சாலையில்தான் சுண்டெலியும் போகிறது என்று பூங்கொடி அதை ஓர் இயலாக எழுதினார். வெளியிலிருந்து படித்துப் பார்த்த ஒருவர், 'இதுவரை அறிந்ததற்கு இது மாறாக இருக்கிறது, திரும்பச் செய்யவும்' என்று குறிப்பு எழுதினார். இரண்டாம் தொகுதியை வைத்துத் திரும்பச் செய்தார். பிட் முழுசாக இருந்தது. முதல் தொகுதி அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர், முதல் முடிவு இட்டுக்கட்டப்பட்டது என்று எழுத்தில் புகார் கொடுத்தார். பொங்கல் முடிந்த வாரம் விசாரணைக் குழு அமைந்தது. தலைவராகப் பக்கத்துத் துறையின் மூத்தவர். நடைமுறை தெரிந்தவன் என்பதால் உறுப்பினர் செயலர் நான். புகார் உறுதியானால் பூங்கொடியின் பதிவு ரத்தாகும். அந்தப் பெயரோடு வேறெந்த ஆய்வகமும் அவரை உள்ளே விடாது.

முதல் கூட்டத்தில் பேராசிரியர் இரண்டு சோதனைகளின் முடிவுப் படங்களையும் மேசைமேல் போட்டார்.

"பாருங்க. போன வருசம் வெட்டியிருக்குது. இந்த வருசம் வெட்டலை. அதே ஆளு, அதே எடத்துச் சரக்கு. ஒரு வருசத்துல நொதிக்குப் பல்லு விழுந்துபோச்சுங்களா?"

தலைவர் சிரித்தார். பூங்கொடி சிரிக்கவில்லை.

"ரெண்டையும் நாந்தானுங்க செஞ்சேன். ரெண்டும் நெசந்தானுங்க சார்."

"ரெண்டும் எப்படிம்மா நெசமாகும்?" என்றார் தலைவர்.

"அதுதானுங்க தெரியலை."

பொய் சொல்கிறவர்களிடம் காரணம் கைவசம் இருக்கும். பல விசாரணைகளில் உட்கார்ந்து நான் கற்றது இது. இந்தப் பெண்ணிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனால் 'காரணம் இல்லாததால் நம்புகிறேன்' என்று எழுத விசாரணை அறிக்கையில் இடம் கிடையாது.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு, தராசின் சோதனைச் சான்று, வேதிப்பொருள்களின் காலாவதி நாள் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பாதிக்கு மேல் என் கையெழுத்தே இருந்தது. நொதி வந்த குழாய்களில் இருந்த பழைய சீட்டுகள் இல்லை. வெளியார் சீட்டைப் பிரித்துவிட்டு நம் சீட்டை ஒட்ட வேண்டும் என்பது என் விதி. உடன் வந்த தாளும் இல்லை. படிவம் நிரப்பியதும் அதைக் கிழித்துவிட வேண்டும் என்பதும் என் விதி. நொதியை அனுப்பிய ஆய்வாளர் அந்த ஆய்வகத்தை விட்டே போய்விட்டார்; அவருடைய மின்னஞ்சல் முகவரி இயங்கவில்லை. எங்கும் ஒரு தவறு இல்லை, இரண்டு படங்களும் ஒத்துப்போகவும் இல்லை. நான் அப்படிக் குழம்பி நின்றது அதற்கு முன் இல்லை.

அந்த மாதம் விலங்குக் கூடத்தை ஆய்வு செய்யும் முறை வந்தது. கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆறுச்சாமி, ஆனைமலைக்காரர். நான் கூண்டுகளின் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவர், படிவம் நான்கின் அதே மூன்றாம் கட்டத்தைப் போட்டு நான் அச்சிட்ட ஒரு கோரிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசினார்.

"ஏனுங்க, எலி ஆறுன்னு டிக் அடிச்சிருக்கீங்க. பெருசுங்களா சிறுசுங்களா? ... செரிங்க. சிறுசு ஆறு. இப்ப எடுத்துட்டு வாரேனுங்க."

"அது என்ன ஆறுச்சாமி, பெருசு சிறுசு?"

"பெருசுன்னா பெரிய எலிங்க. சிறுசு சுண்டெலி. சீட்டுல ரெண்டுக்கும் ஒரே பேருங்களே."

"எத்தனை நாளா இப்படிப் போன்ல கேக்கறீங்க?"

"சீட்டு மாறுனதுல இருந்துங்க. மொத வாரமே ஒரு மேடம் எலின்னு கேட்டாங்க. நான் பெருசைக் கொண்டுபோயி மேசைமேல வெச்சுப்போட்டேன். அவுங்க நாற்காலி மேல ஏறிப்போட்டாங்க. அதுக்கப்புறமேட்டுக்கு எல்லாத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறதுங்க."

"இதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நீங்க நெம்பச் சிரமப்பட்டுச் செஞ்ச சீட்டுன்னு சொன்னாங்க. அதைப் போயி நொட்டை சொல்லலாமுங்களா? நாங்களே கேட்டுக்கறமுங்க, அதுல என்னங்க இருக்குது."

நம் ஊர் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சி நினைவுக்கு வருகிறது. என் படிவம் இத்தனை ஆண்டு ஒழுங்காக வேலை செய்ததற்குக் காரணம், அதை ஒருவரும் நம்பாததுதான். எல்லோரும் அதை நிரப்பிவிட்டு, பிறகு வாயால் கேட்டுச் சரிசெய்துகொண்டார்கள். என் மனம் நோகக் கூடாது என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை. விலங்குக் கூடத்தில் இது நடந்தது. குளிர்பெட்டியில் கிடக்கும் குழாய்க்கு யார் போன் போட்டுக் கேட்பது?

அன்று மாலையே பூங்கொடியை வரச்சொல்லி, பெரிய எலியின் நொதி பிட்டை வெட்டுமா என்று கேட்டேன்.

"வெட்டுமுங்க சார். பெரிய எலியோட நொதியும் மனுசனோடதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சுண்டெலிதானுங்க தனி." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஆனா வந்தது சுண்டெலியோடதுதானுங்களே?"

"அப்படின்னு யாரு சொன்னாங்க?"

"சீட்டுல எலின்னு இருந்துச்சுங்க. அந்த ஆய்வகத்துல சுண்டெலி வெச்சுத்தான் வேலை செய்யறாங்கன்னு நெனைச்சேன்." மேசைமேல் இருந்த இரண்டு படங்களையும் அருகருகே நகர்த்தினார். "அப்ப ரெண்டு படமும் நெசமா இருக்கலாமுங்களா சார்?"

இருக்கலாம். முதல் தொகுதி பெரிய எலி, இரண்டாம் தொகுதி சுண்டெலி என்றால் இரண்டும் உண்மை. ஆனால் 'இருக்கலாம்' என்பது சான்று ஆகாது. சான்று நொதியை அனுப்பிய ஆய்வகத்தின் பதிவேட்டில்தான் இருந்தது. தொலைபேசியில் கேட்டேன். எழுத்தில் கேட்கச் சொன்னார்கள். சரியான பதில், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரு மாதிரிகளும் எந்த உயிரினத்திலிருந்து பெறப்பட்டவை என்று எழுதிக் கேட்டேன்.

இரண்டாம் கூட்டத்தில் இந்தச் சந்தேகத்தைச் சொன்னேன். பேராசிரியருக்குக் கோபம் வந்தது.

"பையன் பரிட்சையில கோட்டை விட்டா பேனா மேல பழி. இங்க எலி மேல பழியா? நாலு வருசம் ஆராய்ச்சி பண்ணுன பொண்ணுக்கு எந்த எலின்னு கேக்கத் தெரியாதுங்களா?"

அதில் நியாயம் இருந்தது. பூங்கொடி கேட்டிருக்க வேண்டும். பேராசிரியரும் கேட்டிருக்க வேண்டும். தலைவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அறிவியல் பேரு எழுத எடமே இல்லீங்களே. யாரு செஞ்ச படிவமுங்க இது?"

"தரப் பிரிவு" என்றேன்.

பொய் இல்லை. தரப் பிரிவு என்பது அந்தப் படிவம் செய்த நாளில் நான், ஓர் உதவியாளர், ஓர் அச்சு இயந்திரம். ஓய்வுபெற மூன்று மாதம்கூட இல்லை. கோப்பில் ஒரு கரும்புள்ளி இல்லாமல் வெளியே போகலாம் என்று இருந்தேன். பூங்கொடி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த என் பெயர்ச் சுருக்கத்தை அவர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. அவரும் நம் ஊர்தானே.

மாசியில் பதில் வந்தது. உறையை நின்றபடியே பிரித்தேன். 'தாங்கள் கேட்டுள்ள இரு மாதிரிகளும் எலியிலிருந்து பெறப்பட்டவை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று இருந்தது. தமிழில் போன கடிதத்துக்குத் தமிழில் பதில் தர வேண்டும் என்பது விதி. அவர்கள் விதியைக் கடைப்பிடித்திருந்தார்கள்.

அன்றே இரண்டாம் கடிதம் போனது. இந்த முறை இரண்டு அறிவியல் பெயர்களையும் எழுதி, இதுவா அதுவா என்று கேட்டேன்.

பங்குனி பிறந்தது. பூங்கொடியின் பதிவுக் காலம் மார்ச் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் விசாரணையே தேவையில்லை. பதிவு தானாகக் காலாவதி ஆகும். விசாரணை நடக்கும்போது ஆய்வேட்டை வாங்கக் கூடாது என்று இன்னொரு விதி. ஆய்வகத்துக்குள் போக அவருக்கு அனுமதி இல்லை. திங்கட்கிழமைதோறும் என் அறைக்கு வெளியே வந்து நிற்பார்.

"பதில் ஏதாச்சும் வந்துச்சுங்களா சார்?"

"இல்லைம்மா."

"செரிங்க சார். வாரேனுங்க."

இவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசிக் கூட்டத்தில், கையில் உள்ளதை வைத்து முடித்துவிடலாம் என்றார் தலைவர். கையில் இருந்தது இரண்டு படமும் ஒரு புகாரும். முடிப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். காத்திருக்கலாம் என்று நான் சொன்னாலும் முடிவு அதேதான். நாள்காட்டி அந்த வேலையைச் செய்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் விதி சரியாக இருந்தது, அந்தப் பெண் மட்டும் வெளியே நின்றார். அப்போது எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னேன்.

"அந்தப் படிவத்தைச் செஞ்சவன் நானுங்க. இன்னொரு எலியை அடிச்சது நான். அறிவியல் பேருக்கு இருந்த கோட்டை எடுத்ததும் நான். போன கூட்டத்துல நீங்க கேட்டப்பச் சொல்லாம இருந்துட்டேன்."

பேராசிரியர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அதுக்கு இப்ப என்னங்க பண்றது?"

நான் கேட்டதை எழுதிக்கொடுத்தேன். படிவத்தின் குறைக்கு மாணவி பொறுப்பில்லை. பதில் வரும்வரை புகாரை முடிக்க வேண்டாம். ஆய்வேட்டை முத்திரையிட்ட உறையில் நாள் குறித்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். பதில் சாதகமாக இருந்தால் அந்த நாளிலேயே கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்ய விதி இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். இல்லை, தடுக்கவும் விதி இல்லை என்றேன். நான் அப்படிப் பேசிக் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டார். பேராசிரியரும் போட்டார், கொஞ்சம் பொறுத்து. என் கோப்பில் ஒரு குறிப்பு ஏறியது. மார்ச் முப்பதாம் தேதி பூங்கொடியின் ஆய்வேடு என் இரும்பு அலமாரியில் அரக்கு முத்திரையோடு உட்கார்ந்தது.

ஏப்ரலில் ஓய்வுபெற்றேன். அலமாரிச் சாவியை உங்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வைகாசியும் ஆனியும் போயின. பதில் இல்லை.

இடையில் பெங்களூரில் ஓர் ஆய்வகம் பூங்கொடியை வேலைக்கு எடுக்க முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை, விசாரணை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று. ஜூலை முப்பத்தொன்றுக்குள் வேண்டும். அதைச் சொல்ல என் வீட்டுக்கு வந்திருந்தார். நொதியை அனுப்பிய ஆய்வகத்துக்கு நினைவூட்டல் அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் போட்டேன்; அனுப்பினார்கள். அவ்வளவுதான் செய்தேன். நேரில் போயிருக்கலாம். நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். அதிகாரியிடம் போய், பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். தனியாள் நேரில் போய்க் கேட்பது முறை இல்லை என்று தயங்கினேன். ஓய்வு பெற்றவனுக்கு முறை என்ன முறை என்று தோன்றவே இல்லை. இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஏன் தோன்றவில்லை என்று இன்றும் புரியவில்லை. நீங்கள் என்னிடமிருந்து ஏதாவது எடுத்துக்கொள்வதாக இருந்தால், அந்தப் பேருந்தில் ஏறுங்கள்.

பதில் வந்ததும் அலுவலகத்திலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். முதல் தொகுதி பெரிய எலி. இரண்டாம் தொகுதி சுண்டெலி. இரண்டும் அறிவியல் பெயரோடு, பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு. கீழே ஒரு பத்தி: 'தாமதத்துக்கு வருந்துகிறோம். தங்கள் கடிதத்தின் பொருள் வரியில் "எலி மாதிரிகள் – விவரம் கோருதல்" என்று மட்டும் இருந்ததால், அது எந்தப் பிரிவுக்கு உரியது என்று தெரியாமல் எங்களுடைய இரு பிரிவுகளுக்கும் இடையே கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது.'

உள்ளே இரண்டு அறிவியல் பெயர்களையும் எழுதிவிட்டு, பொருள் வரியை முதல் கடிதத்திலிருந்து அப்படியே நகலெடுத்திருந்தேன். பொருள் வரியை மாற்றினால் கோப்பு இரண்டாகும் என்பது விதி.

பூங்கொடியை அழைத்தேன். ஆய்வேட்டின் முத்திரையைப் பேராசிரியரே உடைத்துவிட்டார், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், மார்ச் முப்பதே கணக்கு என்று சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"பெங்களூருக்குச் சொல்லிடலாமா அம்மணி?"

"அங்க வேற ஆளை எடுத்துட்டாங்க சார். முப்பத்தொண்ணு, வெள்ளிக்கிழமையோட நாள் முடிஞ்சுபோச்சுங்களே." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கென்னங்க, இட்டுக்கட்டுனவள்னு பேரு போச்சுங்களே, அது போதும். அந்தப் பதில் வந்த தாள்ல என்ன தேதிங்க சார் போட்டிருக்குது?" என்றார்.

வரவு முத்திரையை அலுவலகத்தில் கேட்டு அவரிடம் சொன்னேன். ஆகஸ்ட் நான்கு, ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.